கரையிலிருந்து 12 கடல் மைல்: கப்பல் கழிவுச் சட்டமும் மட்டக்களப்புக் கடலும்

தை பிறந்து வாடைக்காற்றுத் தணிந்த பிறகு கல்லடிக் கடற்கரையில் காலையில் நடப்பவர்களுக்கு அந்தக் கோடு பழக்கமானது. மாரி அலை ஏறி இறங்கிய இடத்தில், முகத்துவாரப் பக்கமிருந்து தெற்கு நோக்கி நீளும் குப்பைக் கோடு அது. காய்ந்த ஆற்றுவாழை, தென்னம்பாளை, ஒற்றைச் செருப்பு, அறுந்த தங்கூசி வலை, ரெஜிபோம் கட்டி. இவற்றுக்கு நடுவே போத்தல்கள். நம்முடைய கடைகளில் விற்கிற போத்தல்கள்தான் கூடுதலாக இருக்கும். ஆனால் குனிந்து பார்த்தால் தாய்லாந்து எழுத்து, பர்மிய எழுத்து, வங்காள எழுத்து அச்சிட்டவையும் கைக்கு வரும்.

இவற்றில் எது ஆற்றோடு வந்தது, எதைக் கப்பலில் இருந்தவர் வீசினார் என்று போத்தலைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. வடகீழ்ப் பருவகாலத்தில் வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு நீரோட்டம் இந்தியாவின் கிழக்குக் கரையைத் தொட்டபடி தெற்கே இறங்கி, நம்முடைய கிழக்குக் கரையையும் உரசிக்கொண்டு போகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவந்து கொட்டுகிற நன்னீரின் சுவடு அந்த ஓட்டத்தில் இருக்கிறது. நீர் வருகிற வழியில் குப்பையும் வரும்.

போத்தலை வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே, மனிதர் குடியிருக்காத இன்அக்சசிபிள் தீவில் ஒதுங்கிய போத்தல்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்து அடியிலிருந்த திகதியைப் பார்த்தார்கள். 2019இல் அந்த ஆய்வு வெளிவந்தது. புதிதாக ஒதுங்கியவற்றில் பெரும்பாலானவை ஆசியாவில், அதிலும் சீனாவில், அண்மையில் தயாரானவை. ஆசியாவிலிருந்து அந்தத் தீவுவரை மிதந்து வரப் பல ஆண்டுகள் வேண்டும். அவ்வளவு புதிய போத்தல் அங்கே கிடக்கிறதென்றால், பக்கத்தால் போன கப்பலிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. கல்லடியில் இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாக வராது. பெரிய ஆறுகள் நமக்குப் பக்கம். ஆனாலும் அந்த ஆய்வு சொன்ன ஒரு விடயம் நமக்கும் பொருந்தும். கடலில் பிளாஸ்டிக் வீசுவதற்குச் சட்டம் எங்கேயும் இடம் கொடுக்காத காலத்திலும் கப்பல்கள் வீசிக்கொண்டிருந்தன.

அந்தச் சட்டத்தின் பெயர் மார்போல். கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை, 1973இல் எழுதி 1978இல் திருத்தியது. இலண்டனில் இருக்கும் சர்வதேச கடல்சார் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. உடன்படிக்கைக்கு ஆறு பின்னிணைப்புகள். எண்ணெய் முதலாவது. மலசலக் கழிவு நான்காவது. குப்பை ஐந்தாவது. இலங்கை 1997இல் இதில் இணைந்தது. நாட்டுக்குள் இதை நடைமுறைப்படுத்துவது 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க கடல் மாசடைதல் தடுப்புச் சட்டமும், அதன் கீழ் இயங்கும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையும். நான்காம், ஐந்தாம் பின்னிணைப்புகள் கடந்த 20 ஆண்டுகளாகத் திருத்தப்பட்டு வருகின்றன. நான்காவதன் திருத்தம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இந்தத் திருத்தங்கள் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் என்ன தருகின்றன, எதைத் தராமல் விடுகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இந்த விதிகள் தூரத்தை வைத்துப் பேசுகின்றன. மூன்று கடல் மைல், பன்னிரண்டு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர் என்பதால் முதலாவது எல்லை சுமார் ஐந்தரை கிலோமீற்றரிலும், இரண்டாவது 22 கிலோமீற்றருக்குச் சற்று அப்பாலும் விழும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கடல் மைலில் கிடக்கிறது. சுழியோடிகள் போகிற இடம், மீன் கூடுகிற இடம். விதியின்படி பார்த்தால் அது முதல் எல்லைக்கு வெளியே. அந்த இடத்தால் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் ஒன்று தன் சமையலறைக் கழிவை 25 மில்லிமீற்றர் கண்ணுள்ள சல்லடையில் போகிற அளவுக்கு அரைத்துக் கொட்டினால் அது குற்றமாகாது. அரைக்காத உணவுக் கழிவென்றால் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் போக வேண்டும்.

உணவுக் கழிவைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. அதைக் கடல் தின்றுவிடும். கவலைக்குரிய கதை அதற்கு முந்தியது.

ஐந்தாம் பின்னிணைப்பு 1988 டிசெம்பர் 31இல் அமுலுக்கு வந்தபோது பிளாஸ்டிக்கை மட்டும் எங்கேயும் வீசக்கூடாது என்றது. மற்றவற்றுக்கெல்லாம் தூரம் கொடுத்தது. கடதாசி, துணி, கண்ணாடி, உலோகம், போத்தல், பீங்கான் ஆகியவற்றைப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் வீசலாம். அரைத்தால் மூன்று மைலிலேயே வீசலாம். சரக்குக்கு அடை கொடுக்கிற மிதக்கும் பலகையும் பொதிப்பொருளும் என்றால் 25 மைல். கால் நூற்றாண்டு காலம் கப்பற்காரர்கள் கண்ணாடிப் போத்தலையும் தகரப் பேணியையும் சட்டப்படியே கடலில் போட்டார்கள். கடல் பெரிது, அது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் என்ற எண்ணம் அந்த விதிக்குள்ளேயே இருந்தது.

2011 ஜூலையில் ஏற்றுக்கொண்டு 2013 ஜனவரி 1இல் அமுலாக்கிய திருத்தம் இந்த அடிப்படையைப் புரட்டிப் போட்டது. பழைய விதி "இன்னதை வீசாதே" என்றது. புதிய விதி "எதையும் வீசாதே, இன்னது மட்டும் விலக்கு" என்கிறது. விலக்குப் பட்டியல் மிகச் சிறியது: உணவுக் கழிவு, கடலுக்குக் கேடு செய்யாத சில சரக்கு மிச்சங்கள், தளம் கழுவுகிற கேடில்லாத துப்புரவுத் திரவம், கால்நடை ஏற்றிப் போகும் கப்பலில் இறந்த விலங்கு. கடதாசி, கண்ணாடி, தகரம், சமையல் எண்ணெய், குப்பை எரித்த சாம்பல், வலை எல்லாமே தடைக்குள் வந்துவிட்டன. கப்பலையோ உயிரையோ காப்பாற்ற வேண்டிய நேரமும், எல்லா முயற்சியும் எடுத்த பிறகும் தவறி விழுந்ததும் மட்டும் விதிவிலக்கு. சட்டம் எழுதுகிறவர்கள் இப்படி எண்ணத்தையே மாற்றுவது அபூர்வம். இந்த ஒரு திருத்தத்துக்காகவே அந்த அமைப்புக்கு நன்றி சொல்லலாம்.

தடை போடுவது ஒரு பாதி. நடுக்கடலில், இரவில், யாருமில்லாத இடத்தில் ஒருவர் பையை வீசினால் எப்படித் தெரியும்? அதற்காக வந்ததுதான் குப்பைப் பதிவேடு. எந்தக் குப்பை, எத்தனை கன மீற்றர், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்த அகலாங்கு நெட்டாங்கில் கொட்டினார்கள், எந்தத் துறைமுகத்தில் ஒப்படைத்தார்கள், எவ்வளவை எரித்தார்கள் என்று பொறுப்பான அதிகாரி எழுதிக் கையொப்பமிட வேண்டும். கடைசிப் பதிவுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அதை வைத்திருக்க வேண்டும். 2018 மார்ச்சில் மின்னணுக் கழிவுக்கும் தனி வகை சேர்த்தார்கள்.

முன்பு இந்தப் பதிவேடு 400 தொன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும், 15 பேரோ கூடவோ ஏற்ற அனுமதி பெற்ற கப்பல்களுக்குமே கட்டாயமாக இருந்தது. 2024 மே 1 முதல் அந்த 400 தொன்னை 100 தொன்னாக இறக்கியிருக்கிறார்கள். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் பிராந்தியத்துக்குள் ஓடும் சிறிய சரக்குக் கப்பல்களும் பெரிய மீன்பிடிக் கப்பல்களும் இப்போது எழுத்தில் கணக்குக் காட்ட வேண்டியவர்களாகிவிட்டார்கள். இருபது பேர் பதினைந்து நாள் ஓடிய கப்பலின் பதிவேட்டில் பிளாஸ்டிக் வகையில் ஒன்றுமே இல்லையென்றால், "நீங்கள் குடித்த தண்ணீர்ப் போத்தல்கள் எங்கே?" என்று துறைமுகத்தில் ஏறிப் பார்க்கிற அதிகாரி கேட்கலாம். ஒரு கொப்பியின் பலம் இதுதான். பிடிபட வேண்டியது வீசிய கை என்றில்லாமல், கணக்கில் விழுந்த ஓட்டையும் சாட்சியாகிறது.

மலசலக் கழிவின் கதை இதைவிடச் சோர்வு தருவது. 1973இல் எழுதிய நான்காம் பின்னிணைப்பு அமுலுக்கு வந்தது 2003 செப்டெம்பர் 27இல். முப்பது ஆண்டுகள்! போதிய நாடுகள் கையெழுத்திடவில்லை. அமெரிக்கா இன்றுவரை இந்தப் பின்னிணைப்பில் சேரவில்லை, தன் உள்நாட்டுச் சட்டத்தால் பார்த்துக்கொள்கிறது. எண்ணெய் கொட்டினால் பறவை செத்து ஒதுங்கும், படம் உலகமெல்லாம் போகும். மலம் கலந்த தண்ணீருக்கு அப்படி ஒரு படம் கிடையாது. அதனால்தான் இந்தத் தாமதம் என்று நினைக்கிறேன்.

விதி என்ன சொல்கிறது? சர்வதேசப் பயணம் போகும் 400 தொன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கும், அதற்குக் குறைந்தாலும் 15 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்ற கப்பலுக்கும் இது பொருந்தும். அவற்றுக்கு மூன்று வழி. அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்பு இயந்திரம் பூட்டியிருந்தால் கரைக்குப் பக்கத்திலேயே விடலாம், மிதக்கும் திண்மமோ நிறமாற்றமோ தெரியக்கூடாது. அரைத்துக் கிருமிநீக்கும் கருவி மட்டும் இருந்தால் மூன்று மைலுக்கு அப்பால். ஒன்றுமே செய்யாத பச்சைக் கழிவு என்றால் பன்னிரண்டு மைலுக்கு அப்பால், அதுவும் மணிக்கு நான்கு கடல் மைலுக்குக் குறையாத வேகத்தில் ஓடிக்கொண்டே, தாங்கியை ஒரேயடியாகத் திறந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக. கப்பல் கிழித்துக்கொண்டு போகிற நீரின் கனவளவில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று 2006இல் அளவும் வகுத்தார்கள்.

இதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. ஆழ்கடலில் இருபது மாலுமிகளின் கழிவு நன்றாகக் கலந்து போனால் பக்டீரியாக்கள் அதை உடைத்துவிடும். உப்பும் வெயிலும் நோய்க்கிருமிகளைக் கொல்லும். ஆயிரக்கணக்கானோரை ஏற்றிய உல்லாசக் கப்பலென்றாலோ, பவளப்பாறைக்குக் கிட்ட என்றாலோ கணக்கு மாறும். கழிவிலுள்ள நைதரசனும் பொசுபரசும் பாசிக்கு உரம். பாசி வளர்ந்து மூடினால் பவளம் மூச்சடைத்துப் போகும். பாசிக்குடாவிலிருந்து காயாங்கேணிவரை கரையோடு கரையாகப் பவளம் வைத்திருக்கிற நமக்கு இது தூரத்து விடயமில்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கியது. அம்பாந்தோட்டையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கப்பலுக்குப் பொத்துவிலையும் திருக்கோவிலையும் கல்முனையையும் மட்டக்களப்பையும் தாண்டாமல் வழியில்லை. அந்தக் கப்பல் விதியை மீறியதென்று நான் சொல்லவில்லை. விதிக்குள் நின்றபடியே எவ்வளவு கொட்ட முடியும் என்பதுதான் என் கவலை.

கப்பலின் குளியலறையிலிருந்தும் சலவை அறையிலிருந்தும் சமையலறைத் தொட்டியிலிருந்தும் வரும் தண்ணீரை நான்காம் பின்னிணைப்பு தொடவே இல்லை. சவர்க்காரம், கொழுப்பு, துணியிலிருந்து கழன்ற நுண்ணிழை எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு உல்லாசக் கப்பலில் மலசலகூடத்துத் தண்ணீரைவிட இந்தத் தண்ணீர் பல மடங்கு அதிகம். சுத்திகரிப்பு இயந்திரத்தில் இன்னொரு ஓட்டை. 1976இல் வைத்த அளவுப்படி வெளியே வரும் தண்ணீரில் 100 மில்லிலீற்றருக்கு 250 மலக்கிருமிவரை இருக்கலாம். 2010 ஜனவரி முதல் பூட்டும் இயந்திரங்களுக்கு அதை 100ஆகக் குறைத்தார்கள். 2016 முதல் இன்னொரு இறுக்கம். கழிவோடு நல்ல தண்ணீரைக் கலந்து அளவைக் குறைத்துக்காட்டும் தந்திரத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்தார்கள். எல்லாம் சரி. ஆனால் இந்தச் சோதனை நடப்பது இயந்திரம் விற்பனைக்கு வருவதற்கு முன்பு, ஒரே ஒருமுறை. கப்பலில் பூட்டிப் பத்து வருடம் ஓடிய பிறகு வெளியே வரும் தண்ணீர் அந்த அளவுக்குள் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமென்று விதியில் இல்லை. ஓடும் கப்பல்களில் மாதிரி எடுத்துச் சோதித்த முடிவுகள் சர்வதேச கடல்சார் அமைப்பின் முன் வைக்கப்பட்டபோது பெரும்பாலானவை அளவைத் தாண்டியிருந்தன.

அங்கிருந்துதான் இப்போதைய திருத்த வேலை தொடங்கியது. மாசுத் தடுப்புக்கான உபகுழுவில் சில ஆண்டுகளாகப் பேசிவருவது மூன்று விடயம்: மலசலக் கழிவுக்கும் ஒரு பதிவேடு, ஒவ்வொரு கப்பலுக்கும் கழிவு முகாமைத்துவத் திட்டம், பூட்டிய இயந்திரத்தைப் பயணத்திலும் சோதிப்பது. குப்பைக்குப் பலன் தந்த கொப்பியை மலசலக் கழிவுக்கும் கொண்டுவருகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது. சோதனை வராமல் பதிவேடு மட்டும் வந்தால், கெட்டுப்போன இயந்திரம் ஒழுங்காக ஓடியது என்று அழகான கையெழுத்தில் எழுதி வைப்பார்கள்.

இந்தத் திருத்தங்கள் எப்படிச் சட்டமாகின்றன என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு நாடும் தனித்தனியாக ஒப்புக்கொள்ளக் காத்திருந்தால் நான்காம் பின்னிணைப்பின் முப்பது ஆண்டுதான் திரும்ப வரும். அதனால் மார்போலில் ஒரு வழி வைத்தார்கள். கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ஏற்றால் ஒரு திகதி குறிப்பார்கள். குறைந்தது பத்து மாதம் அவகாசம். அதற்குள் மூன்றில் ஒரு பங்கு நாடுகளோ, உலக வணிகக் கப்பல் கொள்ளளவில் பாதியை வைத்திருக்கும் நாடுகளோ எழுத்தில் மறுக்காவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எடுத்து, ஆறு மாதத்தில் அமுலாகும். மௌனம் சம்மதம் என்று ஊரில் சொல்வதையே சட்டமாக எழுதியிருக்கிறார்கள். இதில் நல்லது வேகம். கெட்டது, கொழும்பில் யாரும் வாய் திறக்காமலே விதி வந்துவிடும். விதி வந்தது வாழைச்சேனைத் துறைமுகத்துக்குத் தெரிய வழியிருக்காது.

இனி அமுலாக்கம். கப்பலைத் தண்டிக்கிற முதல் உரிமை அது பறக்கவிட்ட கொடியின் நாட்டுக்கு. உலகில் அதிகக் கப்பல்கள் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகளின் கொடியில் ஓடுகின்றன. அம்பாறை மக்களுக்கு இது புத்தகத்தில் படித்த விடயமில்லை. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு நேரே 38 கடல் மைலில் தீப்பிடித்த நியூ டயமண்ட் பனாமாக் கொடிக் கப்பல். குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப்புக்கு 270,000 தொன் மசகு எண்ணெய் கொண்டுபோனது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். எண்ணெய்த் தாங்கிகளுக்குத் தீ பரவாதது நம்முடைய பாக்கியம். அந்த ஒரு வாரம் கரையில் நின்றவர்களுக்கு ஒன்று விளங்கியது. நம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், ஒவ்வொரு நாளும் ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது.

பன்னிரண்டு மைலுக்குள் இலங்கையின் சட்டம் முழுதாகச் செல்லும். அதற்கு அப்பால் 200 மைல்வரை நம்முடைய பொருளாதார வலயம்தான் என்றாலும், பெரிய சேதம் நடந்ததற்குத் தெளிவான சான்று இல்லாமல் போகிற கப்பலை மறித்து நிறுத்த முடியாது. ஆகவே நடைமுறையில் கப்பல் பிடிபடுகிற இடம் துறைமுகம். இந்து சமுத்திர நாடுகள் சேர்ந்து கப்பல்களைச் சோதிக்கிற ஒரு புரிந்துணர்வு ஏற்பாட்டில் இலங்கையும் இருக்கிறது. கொழும்பிலோ திருகோணமலையிலோ சென்னையிலோ ஏறிப் பார்க்கிற அதிகாரி அந்தப் பதிவேட்டைத் திறக்கலாம். மட்டக்களப்புக்கு அப்படியொரு வாசல் இல்லை. ஒலுவிலில் 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் மூடியது, வடக்கே கரை அரித்தது. நம் கடலில் நடந்ததை வேறொரு ஊரில் வேறொருவர் கண்டுபிடிக்க வேண்டும்.

வங்காள விரிகுடாவுக்கு இன்னும் இறுக்கமான விதி வராதா என்று சிலர் கேட்பதுண்டு. மார்போலில் விசேட கடற்பரப்பு என்று ஒன்று உண்டு. பால்டிக், மத்தியதரைக் கடல், கரீபியன், அந்தாட்டிக் போன்றவை அப்படி. அங்கே அரைத்த உணவுக் கழிவைக் கூடப் பன்னிரண்டு மைலுக்குள் விடமுடியாது. பால்டிக்கில் பயணிகள் கப்பல்கள் சுத்திகரிக்காத மலசலக் கழிவை விடவே கூடாது. ஆனால் இந்தப் பெயர் கிடைத்தால் போதாது. சுற்றியுள்ள நாடுகள் தங்கள் துறைமுகங்களில் கப்பல் குப்பையை வாங்கும் வசதி செய்து அறிவித்த பிறகே அது அமுலாகும். செங்கடலைத் தொடக்கத்திலேயே விசேட பரப்பாக எழுதினார்கள். குப்பைக்கான அந்த விதி அங்கே அமுலானது 2025 ஜனவரி 1இல்தான். நம் விரிகுடா இன்னும் பட்டியலிலேயே இல்லை.

வாங்கும் வசதி என்று எழுதுவது சுலபம். வாங்கிய பிறகு எங்கே கொண்டுபோவது? அம்பாறையில் பள்ளக்காடு என்ற இடத்தில் திறந்த வெளியில் குப்பை கொட்டுகிறார்கள். அங்கே பிளாஸ்டிக்கைத் தின்ற காட்டு யானைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. 2022 ஜனவரியில் இன்னும் இரண்டு செத்தபோது, எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய இருபது என்று செய்தி வந்தது. வயிற்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர்கள் பொலித்தீனும் உணவு சுற்றிய உறையும் எடுத்தார்கள். கடலில் போடாதே, கரைக்குக் கொண்டுவா என்கிற சர்வதேச விதி இந்த இடத்தில் வந்து முட்டுகிறது. ஆமையைக் காப்பாற்றிய பிளாஸ்டிக் யானையைக் கொல்லக் கூடாதென்றால், துறைமுகத்தின் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு முறையான மீள்சுழற்சிப் பாதை இருக்க வேண்டும். அதை இலண்டனில் எழுத முடியாது, பிரதேச சபைதான் செய்யவேண்டும்.

நம்முடைய படகுகளைப் பற்றிப் பேசாமல் இதை எழுதினால் நேர்மையாகாது. ஐந்தாம் பின்னிணைப்பு எல்லா மிதக்கும் கலங்களுக்கும் பொருந்தும், வள்ளமும் அதற்குள் அடக்கம். 12 மீற்றர் அல்லது அதற்குக் கூடிய நீளமுள்ள கலம் என்றால், எதைக் கொட்டலாம் எதைக் கொட்டக்கூடாது என்ற அறிவித்தல் பலகை உள்ளே தொங்க வேண்டும். வாழைச்சேனையிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளில் பல அந்த நீளத்தைத் தாண்டியவை. 100 தொன்னுக்கு எவ்வளவோ கீழே இருப்பதால் பதிவேடு அவர்களுக்கு இல்லை. குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஐஸும் டீசலும் தண்ணீருமாக இடமில்லாத படகில் மூன்று வாரக் குப்பையைக் கட்டி வைத்துக் கொண்டுவந்து, இறங்குதுறையில் போட இடமில்லாமல் கடைசியில் பாலத்தடியில் வீசுவதற்கு யார் மெனக்கெடுவார்கள்? அறுந்த வலையைக் காசு கொடுத்து வாங்க ஒருவர் துறைமுகத்தில் இருந்தால் கதை வேறு. பேய்வலை என்று சொல்கிறார்களே, கைவிட்ட வலை தானாகவே மாதக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டு கிடப்பது, அதில் அடுத்த முறை சிக்குவது இதே படகின் விசிறிதான்.

கல்லடியில் வலை பின்னிக்கொண்டிருந்த வயதான ஒருவரிடம் கப்பல்களைப் பற்றிக் கேட்டேன். "ராவையில வலையப் போட்டுட்டுக் கிடக்கக்குள்ள கப்பல் கிட்டப் போனா ஒரு நாத்தம் வரும் மகன். விடிஞ்சா சில நேரம் வலைக்குள்ள அவனுகளுட பை கிடக்கும். ஆருக்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றார். கரையிலிருந்து எத்தனை மைல் என்பதைத்தான் விதி பார்க்கிறது. அவர் வேலை செய்கிற இடம் அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது.

இன்னொன்றையும் விதி பார்க்கவில்லை. 2021 மே 20இல் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, பிறகு மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் குறுமணிகள் கடலில் சேர்ந்தன. இதுவரை பதிவானவற்றில் ஆகப் பெரிய குறுமணிச் சிதறல் அது. அந்த மணிகள் ஐந்தாம் பின்னிணைப்பின்படி குப்பையில்லை, அவை சரக்கு. ஆபத்தான சரக்குப் பட்டியலிலும் இல்லை. இரண்டு விதிகளுக்கு நடுவே விழுந்துவிட்டன. 2024இல் சர்வதேச கடல்சார் அமைப்பு வெளியிட்டது ஒரு பரிந்துரை: கிழியாத பொதி, கொள்கலன் மேல் தெளிவான அடையாளம், முடிந்தவரை தளத்துக்குக் கீழே ஏற்றுதல். பரிந்துரைதான், கட்டாயமில்லை. கடலில் விழுந்த கொள்கலனை உடனே அறிவிக்க வேண்டும் என்பது மட்டும் 2026 ஜனவரி 1 முதல் கட்டாயம். 2025 ஜூலையில் நம் உயர் நீதிமன்றம் அந்தக் கப்பல் தரப்பு நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. மேற்குக் கரையில் நடந்தது நாளை கிழக்கில் நடந்தால் விதிப்புத்தகத்தில் அதே ஓட்டை இருக்கும். குறுமணியையும் கட்டாய விதிக்குள் கொண்டுவர வேண்டும் என்று எந்த மேடையிலும் உரத்துக் கேட்கத் தகுதியுள்ள நாடு நம்முடையது.

அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருந்த விடையை அவரிடமும் அவருடைய பேரனிடமும் சொன்னேன். பெரிய கப்பல் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பெயரும் பதிவுத் துறைமுகமும் எழுதியிருக்கும். கப்பலுக்கென்று ஏழு இலக்க எண்ணும் உண்டு. பெயர் மாறும், கொடி மாறும், கப்பல் உடைபடும்வரை அந்த எண் மாறாது. இரவில் அதை வாசிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. பெரிய கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தைத் தன்னியக்கமாக அறிவித்துக்கொண்டே ஓடுகின்றன, அந்தத் தடம் பதிவாகிறது. படகிலிருக்கும் ஜீபிஎஸ் காட்டும் இடத்தையும் சரியான நேரத்தையும் குறித்துக்கொண்டு வந்தால், அந்த நேரம் அந்த இடத்தால் போன கப்பல் எது என்று கடற்படையோ கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையோ தேடிப் பிடிக்கலாம். அடுத்த துறைமுகத்தில் அதே நேரத்துக்கு அந்தக் கப்பலின் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கச் சொல்லலாம். வலைக்குள் வந்த பையை வீசிவிடாமல் வைத்திருங்கள், உள்ளே பற்றுச்சீட்டோ பெட்டி மேல் ஒட்டிய விலாசமோ இருக்கும் என்றும் சொன்னேன்.

பேரன் தொலைபேசியை எடுத்து, இடத்தையும் நேரத்தையும் ஒரே தட்டில் சேமிப்பது எப்படி என்று தாத்தாவுக்குக் காட்டத் தொடங்கினான். அவர் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார்.